அட்டை கிழிப்பவள்

கிழிப்பது என் வேலை.
மரீட்சா ஆற்றங்கரைக் காகித ஆலை,
மூன்றாம் கொட்டகை, இடதுபக்க பெல்ட்.
பழைய புத்தகங்கள் லாரியில் வரும்.
அட்டையில் பசையும் துணியும் இருப்பதால்
அது கூழுக்கு ஆகாது.
முதுகைப் பிடித்து ஒரே இழுப்பு:
அட்டை வலப்பக்கம், உடல் இடப்பக்கம்.
கோழி உரிப்பவள் இறகை எண்ணுவதில்லை.
நானும் எண்ணியதில்லை,
பத்தொன்பது வருடம்.

தொண்ணூற்றேழு பிப்ரவரி.
சம்பளம் வாங்கிய கையோடு ரொட்டிக்கடைக்கு ஓடுவோம்,
தெருமுனை திரும்புவதற்குள் விலை ஏறியிருக்கும்.
பல்கேரியாவில் மூடிய நூலகமெல்லாம்
எங்கள் கொட்டகைக்குத்தான் வந்ததோ என்னவோ.
சுரங்கத் தொழிலாளர் நூலகம்,
ரயில்வே ஊழியர் நூலகம்,
ஏதோ ஒரு பள்ளியின் அலமாரி அப்படியே,
உள்ளே ஒற்றைக் குழந்தைக் கையுறையோடு.

அன்று மின்சாரம் போய் பெல்ட் நின்றது.
கையில் அப்போதுதான் உரித்த ஒன்று.
அட்டையோடு முதல் பதினாறு பக்கமும் போயிருந்தது.
பதினேழாம் பக்கம் பாதி வாக்கியத்தில் தொடங்கியது:
'...என்றாள். ஆனால் கதவு பூட்டியிருக்கவே இல்லை.'

யார் சொன்னாள்? எந்தக் கதவு?
வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

ஒரு படகுத்துறை.
அங்கே ஒருத்தி தினமும் கோலை இறக்கி
ஆற்றின் ஆழம் அளந்து பதிவேட்டில் எழுதுகிறாள்.
அவ்வளவுதான் கதை.
கொலை இல்லை, கல்யாணம் இல்லை.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும்
அளவுக்குப் பதிலாக இப்படி எழுதுகிறாள்:
'இன்று அளக்கவில்லை. விருப்பமில்லை.'
அந்த இடத்தில் புத்தகத்தை மூடப் பார்த்தேன்.
மூட அட்டை இல்லை.

கோட்டுக்குள் வைத்து வாசலைக் கடந்தேன்.
காவலாளி செம்புக் கம்பிக்காகத் தடவிப் பார்ப்பான்,
காகிதத்துக்காக யார் தடவுவார்கள்?
அடுப்படியில் மெழுகுவர்த்தி.
'என்ன அழுகிறாய்?' என்றான் மெத்தோதி.
'அழவில்லை, ஆழம் பார்க்கிறேன்' என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுசாக இல்லை.

அந்த வாரமே மேஸ்திரி வந்தான்.
'யோர்தாங்கா, ஞாயிறும் வா. கூலி அடுத்த மாதம்.'
எங்கள் நாட்டில் தலையை இடவலமாக ஆட்டினால்
சரி என்று பொருள்.
மேலே ஒருமுறை வெட்டி நிமிர்த்தினால் மாட்டேன்.
இடவலமாகவே ஆடிப் பழகிய கழுத்து
அன்று மேலே போனது.
எலும்பு சொடுக்கியது எனக்கே கேட்டது.

இரண்டு வாரம் வேலை நிறுத்திவைத்தார்கள்.
பட்டினி என்று சொல்லமாட்டேன்,
பீன்ஸ் இருந்தது.
ஒருநாள் பஸ் ஏறி ப்லோவ்திவ் நூலகத்துக்குப் போனேன்.
கண்ணாடிக் காதைக் கம்பியால் கட்டிய ஒரு பையன்
மேசைக்குப் பின்னால்.
'புத்தகத்தின் பெயர்?'
தெரியாது.
'எழுதியவர்?'
தெரியாது.
'சரி, அட்டை என்ன நிறம்?'

கைகள் தாமாகவே பைக்குள் போயின.

அந்தக் குளிர்காலம் முழுக்க
கொட்டகை அடுப்பில் எரிந்தது அட்டைகள்தான்.
பெயர் ஒன்று, நிறம் ஒன்று, எழுதியவரின் முகமும்கூட
இருந்திருக்கலாம்.
அதில்தான் நான்
விரல்களைச் சூடு காட்டிக்கொண்டிருந்தேன்.

பையன் சிரிக்கவில்லை.
ஆறு, துறை, கோல் என்று ஒரு சீட்டில் குறித்துக்கொண்டான்.
கிடைத்தால் எழுதுகிறேன் என்றான்.
வெறுங்கையோடு போகவேண்டாமென்று
தேனீ பற்றி ஒன்றும்
சிறையிலிருந்து வந்த கடிதங்கள் ஒன்றும் தந்தான்.
தேனீ எனக்கு ஒட்டவில்லை.
கடிதங்களை மூன்று முறை படித்தேன்.

திரும்பவும் அதே பெல்ட், அதே இழுப்பு.
இழுக்கும் முன் ஒரு பக்கம் திறந்து பார்ப்பேன்,
மூச்சு ஒன்று இழுத்துவிடும் நேரம்.
லாரிக்கு ஒன்று, சில நாள் இரண்டு
கோட்டுக்குள் வீடு வரும்.
மற்றவை கூழாகும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பையனிடமிருந்து கடிதம் இன்னும் இல்லை.
நேற்று படகுத்துறைக்காரியை மறுபடி எடுத்தேன்.
நாற்பதாம் பக்கத்து மடிப்பில்
ரொட்டித் துணுக்குகள் கிடந்தன.

அந்தப் பக்கத்தில் நான் சாப்பிடவில்லை.